"அண்ணே, ஒரு சந்தேகம்": லேப்டாப் மின்சேமிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. ஆனால் அங்கிருக்கும் 14 லேப்டாப்புகளுக்கும் நான்தான் வைத்தியர் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அதில் பாதிக் கேள்வி பேட்டரி பற்றியது. மீதிப் பாதியை அத்தை, மாமா, பக்கத்து வீட்டுத் தம்பி எல்லோரும் போனில் கேட்கிறார்கள். ஒரே பதிலை ஒன்பதாவது முறை சொன்ன அன்று எழுதிவைக்க உட்கார்ந்தேன். பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ வைத்துத்தான் சொல்கிறேன். 10 வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது.

அண்ணே, இந்தப் பவர் சேவிங் எங்கே இருக்கு? முதல்ல எதை மாத்தணும்?

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதற்குள் பவர் அண்டு பேட்டரி. மூலையில் தெரியும் பேட்டரி படத்தை வலது கிளிக் செய்தாலும் அங்கேயே கொண்டுபோய் விடும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்காதீர்கள். முதலில் இரண்டே இரண்டு: எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் திரை அணைய வேண்டும், எத்தனை நிமிடத்தில் ஸ்லீப் போக வேண்டும். இரண்டுக்குமே பேட்டரியில் ஓடும்போது ஒரு கணக்கு, சார்ஜர் சொருகியிருக்கும்போது ஒரு கணக்கு உண்டு. நான் பேட்டரிக்குத் திரை 3 நிமிடம், ஸ்லீப் 10 நிமிடம் என்றும், சார்ஜரில் திரை 10, ஸ்லீப் 30 என்றும் வைத்திருக்கிறேன். டீ குடிக்கப் போய் அரட்டையில் நின்றுவிடும் அலுவலகத்துக்கு இது சரியாக இருக்கிறது. பாடம் படிக்கிறவர், திரையைத் தொடாமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

பவர் மோடுன்னு ஒண்ணு இருக்கு, பேட்டரி சேவர்னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பவர் மோட் என்பது பிராசசர் எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்று சொல்லும் இடம். பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி, பேலன்ஸ்டு, பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று இருக்கும். நடுவில் உள்ளதை விட்டுவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

பேட்டரி சேவர் கையிருப்பு குறையும்போது செலவைக் கட்டுப்படுத்துவது. வழக்கமாக 20 சதவீதம் வந்ததும் தானாக வேலையைத் தொடங்கும். திரையை மங்கலாக்கும், பின்னணியில் ஓடும் சில வேலைகளை நிறுத்திவைக்கும். "மெயில் வந்ததே தெரியல, திறந்தப்புறம்தான் கொட்டுது" என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு நாள் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் இதைத்தான் எப்போதும் ஆன் செய்து வைத்திருந்தார். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இதன் பெயர் எனர்ஜி சேவர். இப்போது சார்ஜரில் இருக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரியை ரொம்பத் தின்கிறது எது?

சாதாரண எழுத்து வேலையில் திரைதான். வெளிச்சத்தை நூறிலிருந்து ஐம்பதுக்கு இறக்குவது, வேறு எந்த அமைப்பையும்விட உடனே பலன் தரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். பேட்டரியின் அடியில் 50 வாட்-மணி என்று அச்சிட்டிருக்கிறது என்று வையுங்கள். திரை மிதமான வெளிச்சத்தில், ஒரு எக்செல் கோப்பு மட்டும் திறந்து கிடந்தால் லேப்டாப் 6 வாட் அளவில் இழுக்கும்; 50ஐ ஆறால் வகுங்கள். எட்டு மணி நேரம் வரும். அதே லேப்டாப்பில் கேமராவோடு வீடியோ கூட்டம், பக்கத்தில் இருபது டேப் என்றால் 15 வாட்டைத் தாண்டும். மூன்று மணி நேரம்கூடச் சந்தேகம்தான். கடைக்காரர் "எட்டு மணி நேரம் வரும்" என்றதும் பொய்யில்லை, உங்களுக்கு மூன்று மணி நேரம் வருவதும் பொய்யில்லை.

அப்புறம் இரண்டு சின்ன விஷயங்கள். திரை 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை முறை படத்தைப் புதுப்பிப்பது) என்றால், டிஸ்பிளே அமைப்பில் பேட்டரியில் ஓடும்போது 60க்கு இறக்குங்கள்; கணக்கு எழுத 144 எதற்கு? கறுப்புப் பின்னணி போட்டால் பேட்டரி மிச்சமாகும் என்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரைக்கு மட்டும்தான் உண்மை. சாதாரண எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும், படம் கறுப்பானாலும் வெள்ளையானாலும் செலவு ஒன்றுதான்.

ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன்... மூணுக்கும் என்னதான் வித்தியாசம்?

என்னிடம் வரும் புகார்களில் பாதி, இந்த மூன்றில் லேப்டாப் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாததால் வருவது. அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

ஒரு தையல்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி தைத்த துணியை மெஷினிலேயே ஊசியோடு விட்டுவிட்டு, விளக்கை மட்டும் அணைத்துச் சாப்பிடப் போவது ஸ்லீப். வந்து உட்கார்ந்ததும் மிதிக்கலாம். ஆனால் காவலுக்கு ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் காவல்தான் ரேம் நினைவகத்துக்குத் தொடர்ந்து போகும் கொஞ்சம் மின்சாரம். அது நின்றால் சேமிக்காத வேலை போயிற்று.

அதே துணியை, சாக்கட்டிக் கோடு கலையாமல் மடித்து, எது எங்கே இருந்தது என்று சீட்டெழுதி அலமாரியில் வைத்துப் பூட்டி, மெயினையும் அணைத்துவிட்டுப் போவது ஹைபர்னேட். ரேமில் இருந்ததெல்லாம் எஸ்எஸ்டியில், அதாவது கோப்புகள் நிரந்தரமாகக் கிடக்கும் சேமிப்பகத்தில், எழுதப்பட்டுவிடும். பிறகு மின்சாரம் கிட்டத்தட்ட வேண்டாம். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில் இருக்கும், திறக்க மட்டும் சில விநாடி கூடுதல். ஷட் டவுன் என்பது மேசையைத் துடைத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. மறுநாள் எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும்.

அரை மணி, ஒரு மணி நேர இடைவெளிக்கு ஸ்லீப். பையில் வைத்துப் பயணம், அல்லது இரவு முழுக்க மூடிவைப்பது என்றால் ஹைபர்னேட். இது என் பழக்கம்.

நீங்க சொல்ற ஹைபர்னேட் என் மெனுவில் இல்லையே?

இருக்கும், ஒளிந்திருக்கும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ". உள்ளே கட்டங்கள் மங்கலாக இருக்கும். மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்" என்ற வரியைத் தட்டினால் உயிர் வரும். ஹைபர்னேட்டில் டிக் போட்டுச் சேமியுங்கள்.

மூடிப் பையில வைச்சேன், எடுத்தா அடுப்பு மாதிரி கொதிக்குது. சார்ஜும் பாதி காணோம். ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. எனக்கே நடந்தது. ஒருநாள் காலை வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினேன். வீட்டில் கடைசி நிமிடம் வரை வேலை பார்த்துவிட்டு, டக்கென்று மூடிப் பையில் திணித்தேன். அப்போது 90க்கு மேல் சார்ஜ் இருந்தது. திருச்சி வந்ததும் வேலை பார்க்கலாம் என்று எடுத்தால், பையின் துணியே சூடாக இருக்கிறது. லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தொட முடியவில்லை. விசிறி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் 58. பக்கத்து இருக்கைப் பெரியவர், "தம்பி, அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார்.

நடந்தது இதுதான். இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில் பழைய ஸ்லீப் கிடையாது. மாடர்ன் ஸ்டேண்ட்பை என்ற ஒன்றுதான் உண்டு. செல்போன் மாதிரி, திரை அணைந்திருக்கும், ஆனால் அவ்வப்போது விழித்து மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். மேசைமேல் கிடந்தால் பிரச்சினை தெரியாது. காற்றோட்டம் இல்லாத பைக்குள் ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் தூங்கவிடாமல் செய்தால் சூடு வெளியே போக வழியில்லை.

தீர்வு: முந்தைய பதிலில் சொன்ன அதே பக்கத்தில், "வென் ஐ க்ளோஸ் தி லிட்" என்ற வரியில் பேட்டரிப் பக்கத்தை மட்டும் ஹைபர்னேட் என்று மாற்றுங்கள். மூடியதும் உடனே பையில் போடாமல், விளக்கு அணையும்வரை பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள்.

எனக்கு நேர்மாறு. பெரிய மானிட்டர் மாட்டியிருக்கேன், லேப்டாப்பை மூடினாலும் ஓடணும்.

அதே வரி, சார்ஜர் பக்கம், "டூ நத்திங்". பேட்டரிப் பக்கத்தை மட்டும் அப்படி வைக்காதீர்கள். மேலே என் ரயில் கதையைப் படித்தீர்கள்தானே.

ராத்திரி டவுன்லோட் போட்டுட்டுப் படுத்தேன். காலையில பாத்தா பத்து சதவீதத்துல நிக்குது. திரை அணைஞ்சா டவுன்லோடும் நிக்குமா?

திரை அணைவதற்கும் டவுன்லோடுக்கும் சம்பந்தமில்லை. ஸ்லீப் போனால்தான் நிற்கும். முதல் பதிலில் சொன்ன இரண்டு நேரங்களில், சார்ஜர் பக்கத்து ஸ்லீப்பை மட்டும் அன்று ஒரு இரவுக்கு "நெவர்" என்று வைத்துவிட்டு, திரை நேரத்தை அப்படியே விடுங்கள். மறுநாள் திருப்பி வைக்க மறந்துவிடுவீர்கள். எல்லோரும் மறக்கிறார்கள். மானிட்டர் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் படுங்கள்.

எப்பவும் சார்ஜர்லயே போட்டு வைக்கலாமா? பேட்டரி வெடிக்கும்னு அத்தை சொல்றாங்க.

வெடிக்காது. நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதை லேப்டாப்பே நிறுத்திக்கொள்ளும். ஆனால் அத்தை சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது: லித்தியம் அயன் பேட்டரிக்கு எப்போதும் நிறைந்திருப்பது பிடிக்காது. ஒரு செல் முழுதாக நிறையும்போது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உயரத்திலேயே நாள்கணக்கில் இருந்தால் சீக்கிரம் மூப்படையும். கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். மதுரை மே மாதத்தில், மெத்தைமேல் வைத்து, சார்ஜரும் சொருகி... சொல்லவே வேண்டாம்.

அதனால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போடுங்கள். இது விண்டோஸ் அமைப்பில் இருக்காது, லேப்டாப் தயாரிப்பாளர் தரும் செயலியில் இருக்கும். லெனோவோ என்றால் வான்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோட். மாடலைப் பொறுத்து 60 அல்லது 80இல் நிறுத்தும். ஆசுஸ் என்றால் மைஆசுஸ் செயலி. டெல், எச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) இருக்கும். "80க்கு மேல ஏற மாட்டேங்குது, பேட்டரி போயிருச்சு" என்று பதறி வருபவர்களில் பலர், இதைத் தாங்களே போட்டுவிட்டு மறந்தவர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரன்ட் கட் என்று அறிவிப்பு வந்தால், முந்தின இரவு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எதுவும் கெட்டுப்போகாது.

மாசம் ஒரு தடவை சுத்தமா பூஜ்யம் வரைக்கும் இறக்கி ஏத்தணுமாமே?

அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்குப் பூஜ்யம் வரை இறக்குவது கெடுதல்தான். சதவீதக் காட்டி தாறுமாறாக ஓடினால் மட்டும், அது சரியாகப் படிப்பதற்காக எப்போதாவது ஒருமுறை செய்யலாம்.

இதெல்லாம் செஞ்சா கரன்ட் பில் குறையுமா தம்பி?

மாமா, குறையும், ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. 20 வாட் இழுக்கும் லேப்டாப் தினம் 8 மணி நேரம் ஓடினால் 0.16 யூனிட். நம் பில் வரும் இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 9.6 யூனிட். எல்லா அமைப்பையும் இறுக்கிப் பிடித்து 15 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 7.2. மிச்சம் இரண்டரை யூனிட்கூட இல்லை.

தலைக்கு மேல் சுற்றும் பழைய 75 வாட் ஃபேன் அதே எட்டு மணி நேரத்துக்கு அதே இரண்டு மாதத்தில் 36 யூனிட் எடுக்கும். அதை குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி மோட்டார் ஃபேனாக மாற்றினால் 21 யூனிட்டுக்கு மேல் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிலருக்கு அதுவும் பில்லில் தெரியாமல் போகலாம். லேப்டாப்பில் மின்சேமிப்பு வைப்பது பில்லுக்காக இல்லை, பேட்டரி நேரத்துக்காகவும் அதன் ஆயுளுக்காகவும்.

சேவிங் மோட் போட்டா டேலி, எக்செல் எல்லாம் நத்தை மாதிரி நகருது.

நகரத்தான் செய்யும், குறைவாக இழுப்பது என்றால் மெதுவாக ஓடுவது. பெரிய கோப்பைத் திறக்கும்போது சார்ஜரைச் சொருகி, பவர் மோடைப் பேலன்ஸ்டுக்கு மாற்றுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் யாரும் மின்சேமிப்பு பற்றிப் பேச மாட்டார்கள்.

விசிறி இரைச்சல்தான் தொல்லை என்றால் ஒரு பழைய தந்திரம் உண்டு. பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், பிராசசரின் மேக்சிமம் அளவை 100இலிருந்து 99க்கு இறக்குவது. ஒரு சதவீதத்தில் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்று, பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டிப் பாயும் டர்போவையே நிறுத்திவிடும். சூடு இறங்கும், விசிறி அடங்கும், வேகமும் குறையும். புதிய லேப்டாப்புகள் சிலவற்றில் இந்த வரியே தெரியாது. தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்காக விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் கைவைக்க வேண்டாம்.

தூங்கி எழுந்தா வைஃபை வர மாட்டேங்குது.

ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்தால் வரும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை இரட்டைக் கிளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற தாளில் முதல் டிக்கை எடுங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று விண்டோஸுக்குக் கொடுத்த அனுமதி அது. மாடர்ன் ஸ்டேண்ட்பை உள்ளவற்றில் அந்தத் தாளே பெரும்பாலும் இருக்காது. அப்போது தயாரிப்பாளர் தளத்திலிருந்து புது வைஃபை டிரைவர் போடுவதுதான் வழி.

40 சதவீதம் காட்டிட்டு இருக்கும்போதே பொட்டுனு அணையுது. எந்த செட்டிங்க மாத்தணும்?

எதை மாற்றியும் பயனில்லை, பேட்டரி தேய்ந்துவிட்டது. உறுதி செய்ய ஒரு வழி. கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டும் கறுப்புப் பெட்டி; ஸ்டார்ட் மெனுவில் தேடலாம்) திறந்து ஆங்கிலத்தில் "பவர்" என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டியே "பேட்டரிரிப்போர்ட்" என்று ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு கோப்பை எங்கே சேமித்தது என்று காட்டும். அதை பிரவுசரில் திறந்து பாருங்கள்.

அதில் டிசைன் கெபாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்று மிச்சமிருப்பது. போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த கல்லூரி லேப்டாப்பில் முதல் எண் 41,000, இரண்டாவது 17,900. நூறு சதவீதம் என்று திரை காட்டினாலும் அது பழைய குடத்தில் பாதிகூட இல்லை. பாதிக்குக் கீழே போய்விட்டால் புதுப் பேட்டரிக்குக் காசு ஒதுக்குங்கள்.

நடுராத்திரி தானா ஆன் ஆகி வெளிச்சம் அடிக்குது. பாட்டி பயப்படுறாங்க!

பேயில்லை என்று பாட்டியிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன கட்டளையில் "பேட்டரிரிப்போர்ட்" இருக்கும் இடத்தில் "லாஸ்ட்வேக்" என்று போட்டால், கடைசியாக எழுப்பியது எது என்று பெரும்பாலும் சொல்லிவிடும். மவுஸ் என்று வந்தால் டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்கு, கணினியை எழுப்பும் அனுமதியை எடுங்கள். அப்டேட் மாதிரி நேரம் குறித்த வேலை என்றால், அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்லீப்பின் கீழ் வேக் டைமர்ஸ் என்பதை டிஸேபிள் ஆக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரவில் ஹைபர்னேட்.

மேக்புக் வைச்சிருக்கேன். எனக்கு ஏதாவது?

உங்களுக்கு வேலை குறைவு. சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் லோ பவர் மோட், பேட்டரியில் மட்டும் என்று வையுங்கள். 2021இல் வந்த மேக்ஓஎஸ் மான்டரே பதிப்பிலிருந்து இது உண்டு. ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங் ஆனில் இருக்கட்டும்.

டச்பேட் கொஞ்சம் மேல தூக்கிட்டு நிக்குது, கிளிக் ஆகல. மூடினா சரியா மூடவும் மாட்டேங்குது. இதுவும் செட்டிங்கா?

இல்லை, உடனே அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. மேலிருந்து அமுக்கி மட்டம் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது (ஒருவர் உண்மையிலேயே கேட்டார்) எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். கடினமான தரையில், துணி, காகிதம் பக்கத்தில் இல்லாமல் வைத்து, அன்றே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு எடுப்பவரிடம் சேர்க்கச் சொல்லி அங்கேயே கொடுத்துவிடுங்கள்.